பக்கத்து நாற்காலி: ஒரு கடிதம்

அன்புள்ள அக்காவுக்கு,

வணக்கம். சிங்கப்பூர் ஈசூனிலிருந்து எழுதுகிறேன். என் மகன் உயர்நிலை மூன்று படிக்கிறான். விரைவுநிலை, வழக்கநிலைப் பிரிவுகளை எடுத்துவிட்டு 2024இல் உயர்நிலை ஒன்றுக்குப் போன முதல் செட். இப்போது பாடத்துக்குப் பாடம் நிலை வேறு: கணிதம் ஜி3 (மேல் நிலை), அறிவியல் ஜி2 (அதற்கு அடுத்தது). தொடக்கப்பள்ளி முழுக்க நான்தான் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக்கொடுத்தேன், நன்றாகப் படித்தான். இப்போதும் உட்காருகிறேன். இரண்டு பாடத்துக்குத் துணைப்பாடம் (டியூஷன்) வைத்திருக்கிறோம். பள்ளியிலிருந்து பேரண்ட்ஸ் கேட்வே செயலியில் வரும் ஒரு அறிவிப்பையும் விடுவதில்லை. ஆனாலும் மதிப்பெண் இறங்கிக்கொண்டே போகிறது. கணிதத்தில் ஏ1, அதாவது உச்சத் தரம், வாங்கினால் புதுக் கைப்பேசி என்றார் அவங்க அப்பா. இரண்டு வாரம் படித்தான், அவ்வளவுதான்.

போன வாரம், “நீ பக்கத்துல இருந்தா எனக்கு மூளையே ஓட மாட்டேங்குதும்மா” என்றான். எழுந்து வந்துவிட்டேன். அவர் ராத்திரி ஷிப்ட் முடிந்து பன்னிரண்டு மணிக்கு வரும்வரை தூங்கவில்லை. அவனும் விழித்துத்தான் இருந்தான். பெற்றோர் ஈடுபாடு இருந்தால் பிள்ளை படிக்கும் என்று எல்லாக் கூட்டத்திலும் சொல்கிறார்கள். நான் இன்னும் ஈடுபட வேண்டுமா, விட்டுவிட வேண்டுமா?

(பெயர் வேண்டாம் அக்கா)

*

அன்புத் தங்கைக்கு,

எழுந்து வந்தீர்களே, அது சரி. தூங்காமல் கிடந்தீர்களே, அது வேண்டாத வேலை.

நான் கல்வியாளர் இல்லை. இதே ஊரில் இரண்டு பிள்ளைகளைப் படிக்கவைத்து, இரண்டு பேரிடமும் திட்டு வாங்கியவள். மூத்தவன் உயர்நிலை இரண்டில் இருந்தபோது எங்கள் வீட்டுக் குளிர்பதனப் பெட்டிக் கதவில் கட்டம் போட்ட தாள் ஒன்று தொங்கும். பாடம், தேதி, மதிப்பெண். ஏறினால் நீலம், இறங்கினால் சிவப்பு. தீபாவளிக்கு வந்தவர்கள் தண்ணீர் எடுக்கப் போனால் அதைப் படித்துவிட்டுத்தான் திரும்புவார்கள். நான் அதைப் பெருமையாக வேறு நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஒரு சனிக்கிழமை அவன் பையைத் துவைக்கக் கொட்டியபோது, நான்காக மடித்த அறிவியல் தாள் விழுந்தது. 50க்கு 19. பெற்றோர் கையொப்பமிடும் இடத்தில் என் கையொப்பம். நான் போடாதது. நான் தமிழில்தான் கையெழுத்துப் போடுவேன். கடைசி எழுத்தின் சுழியை இழுத்துக் கீழே ஒரு கோடாக ஓடவிடுவேன். அந்தக் கோடு உட்பட அப்படியே போட்டிருந்தான். தாளின் பின்பக்கத்தில் பென்சிலால் ஏழெட்டு முறை எழுதிப் பழகி அழித்த தடம் தெரிந்தது. (தமிழ்ப் பாடத்துக்கு அவன் இவ்வளவு எழுதிப் பழகி நான் பார்த்ததே இல்லை.)

கோபம் வந்தது. அப்புறம் அந்தத் தடத்தையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ‘முயற்சியே இல்லாத பிள்ளை’ என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தேனே, எவ்வளவு முயற்சி! எல்லாம் என்னிடமிருந்து மறைப்பதற்கே செலவாகியிருந்தது.

கதவிலிருந்த தாளைக் கழற்றினேன். அடுத்த தேர்வில் 40 வாங்கினான் என்று எழுதினால் கதை நன்றாக இருக்கும். 22தான் வாங்கினான். ஆனால் தானாகவே கொண்டுவந்து மேசையில் வைத்தான்.

நீங்கள் கேட்ட ‘ஈடுபாடு’ பற்றி ஆராய்ச்சி நிறைய உண்டு. நான்சி ஹில், டயானா டைசன் இருவரும் 2009இல் ஐம்பது ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து எழுதிய கட்டுரை எனக்கு மிகவும் உதவியது. தொடக்கப்பள்ளியைத் தாண்டிய வயதுப் பிள்ளைகளைப் பற்றியது. ஈடுபாடு பொதுவாக நல்லதுதான் என்கிறார்கள். ஆனால் வீட்டுப்பாடத்தில் பெற்றோர் உதவுவதற்கும் நல்ல மதிப்பெண்ணுக்கும் பொருத்தம் இல்லை; எதிராகக்கூடப் போகிறது. படிப்பு எதற்கு, இந்தப் பாடம் எங்கே கொண்டுபோகும், உனக்கு என்ன ஆசை என்று பேசுகிற வீடுகளில்தான் பலன் அதிகம். இதில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். மதிப்பெண் குறைந்த பிள்ளைக்குத்தானே பெற்றோர் பக்கத்தில் உட்காருவார்கள்? ஆகவே உட்கார்ந்ததால்தான் குறைந்தது என்று உங்களை நீங்களே குற்றம் சொல்லிக்கொள்ளாதீர்கள். எட்டு வயதில் அவனுக்கு வேண்டியிருந்த நாற்காலி பதினைந்தில் இடிக்கிறது, அவ்வளவுதான்.

மதிப்பெண் இறங்கினால் ஊக்கம் போய்விட்டது என்று நாம் முடிவு கட்டிவிடுகிறோம். சில சமயம் காரணம் ரொம்பச் சாதாரணமானது. கீழ்வகுப்பில் காரணிப்படுத்தல் சரியாகப் பிடிபடாத பிள்ளை, இருபடிச் சமன்பாடு வரும்போது முட்டிக்கொள்ளும். எந்தப் பக்கம் திரும்பினாலும் சுவர். வெளியிலிருந்து பார்த்தால் அது சோம்பலாகத்தான் தெரியும். ஊக்கப் பேச்சு அங்கே எடுபடாது. அடுத்த பெற்றோர் ஆசிரியர் சந்திப்பில் “எப்படிப் படிக்கிறான்?” என்று கேட்காமல், “எந்தப் பாடத்தில் முதலில் விட்டான்?” என்று கணித ஆசிரியரிடம் கேளுங்கள். அந்த ஒன்றை மட்டும் சரிசெய்தால் போதும்.

துணைப்பாடம் பற்றி அதிகம் சொல்ல மாட்டேன். 2023இல் சிங்கப்பூர்க் குடும்பங்கள் அதற்குச் செலவிட்டது 1.8 பில்லியன் வெள்ளி. அதில் என் பங்கும் உண்டு என்பதால் உபதேசம் செய்ய எனக்குத் தகுதி இல்லை. இரண்டில் எது வேண்டும், எது வேண்டாம் என்று அவனையே கேளுங்கள். எட்வர்ட் டெசி, ரிச்சர்ட் ரயன் என்ற உளவியலாளர்கள் இருவரும் ஊக்கத்துக்கு மூன்று தேவை என்கிறார்கள்: இது என் முடிவு என்ற உணர்வு, என்னால் முடியும் என்ற உணர்வு, என்னோடு ஆட்கள் இருக்கிறார்கள் என்ற உணர்வு. உங்கள் வீட்டில் மூன்றாவது தாராளமாக இருக்கிறது. முதலாவதுதான் பஞ்சம்.

கைப்பேசி விஷயம். சொன்ன சொல்லை மாற்றாதீர்கள், ஏ1 வந்தால் வாங்கிக் கொடுங்கள். அதோடு பேரத்தை நிறுத்திவிடுங்கள். 1973இல் மார்க் லெப்பர் என்ற உளவியலாளரின் குழுவினர் அமெரிக்காவில் பாலர் பள்ளிப் பிள்ளைகளிடம், படம் வரைந்தால் பரிசு என்று முன்கூட்டியே சொல்லிப் பார்த்தார்கள். வரைவதில் ஆசையாக இருந்த பிள்ளைகள் அவர்கள். பரிசு முடிந்த பிறகு சும்மா கிடந்த பேனாக்களை மற்றவர்களைவிடக் குறைவாகத்தான் தொட்டார்கள். உங்கள் மகன் பாலர் இல்லை, கணிதத்தில் அவனுக்கு அந்த ஆசை இருந்ததா என்பதும் எனக்குத் தெரியாது. ஆனால் அந்த இரண்டு வாரக் கணக்கு எனக்குப் புரிகிறது.

2027இல் உயர்நிலைப் பள்ளி முடிவில் அவன் எழுதப்போவது ஓ லெவல் தேர்வு இல்லை. ஓ லெவல், ‘என்’ (N) லெவல் இரண்டுக்கும் பதிலாக வரும் புதிய சான்றிதழ்த் தேர்வை முதலில் எழுதப்போவது அவன் செட்தான். அதற்குப் பிறகு எங்கே என்று அவனிடம் பேசியிருக்கிறீர்களா? கடிதத்தில் அது இல்லை. ஜனவரியில் பல்துறைத் தொழிற்கல்லூரிகள் பொதுமக்களுக்குத் திறந்திருக்கும் நாள்களில் கூட்டிப்போங்கள். அவன் முன்னால் நடக்கட்டும், நீங்கள் பின்னால் போங்கள். என் மகன் அங்கே ஒரு கப்பல் எஞ்சின் முன்னால் அரை மணி நேரம் நின்றான். எனக்குக் கால் வலி. 19 வாங்கிய பிள்ளை, அங்கிருந்த மாணவரை நீராவி அழுத்தம் பற்றிக் குடைந்துகொண்டிருந்தான்.

ஆகவே விட்டுவிடாதீர்கள், நாற்காலியை மட்டும் தள்ளிப் போடுங்கள். அவர் வருகிற பன்னிரண்டு மணிக்கு அவனும் விழித்திருக்கிறான் என்கிறீர்களே, வாரத்தில் ஒருநாள், மறுநாள் பள்ளி இல்லாத இரவாகப் பார்த்து, இருவரும் சேர்ந்து மேகி போட்டுச் சாப்பிடட்டும். தேர்வு பற்றி வாயே திறக்கக்கூடாது என்று அவரிடம் முன்கூட்டியே சொல்லிவிட்டு நீங்கள் போய்ப் படுங்கள்.

அன்புடன்,
அக்கா