எட்டே முக்கால் பஸ்

அன்புள்ள ஐயா,

எனக்கு ஊர் புதுச்சேரியில் பாகூர் பக்கம். கடலூர் மஞ்சக்குப்பத்தில் ஓர் ஆடிட்டர் அலுவலகத்தில் மூன்று வருடமாக வேலை பார்க்கிறேன். இரவு எட்டே முக்காலுக்குக் கடலூரில் கிளம்பி எங்கள் ஊருக்குள் வந்து திரும்பும் பஸ்ஸைப் போன மாதம் நிறுத்திவிட்டார்கள். மனு கொடுக்கப் போனோம். "அந்த நடைக்கு வருமானமே இல்லை, நஷ்டத்துக்கு எப்படிம்மா வண்டி ஓட்டுவது?" என்று கேட்டார்கள். எங்களுக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. இப்போது மெயின் ரோட்டில் கன்னியக்கோயிலில் இறங்கி, அண்ணன் வண்டியோடு வரும்வரை ஒரு பெட்டிக்கடை வாசலில் நிற்கிறேன். கடைக்கார அம்மா நல்லவர். நான் கிளம்பும்வரை விளக்கை அணைப்பதில்லை.

பெண்களுக்கு இலவசம் விட்டதால்தான் போக்குவரத்துக் கழகங்கள் நஷ்டத்தில் விழுந்தன என்று அலுவலகத்தில் பேசிக்கொள்கிறார்கள். தனியாரிடம் கொடுத்தால் நஷ்டமில்லாமல் ஓட்டுவார்கள் என்றும் சொல்கிறார்கள். சென்னையிலிருந்து புதுச்சேரி வழியாகக் கடலூருக்கு ரயில் வந்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்கிறார் அப்பா. அம்மாவோ, தவணைக்கு ஒரு ஸ்கூட்டர் எடுத்துக்கொள் என்கிறார். மாதம் மூவாயிரத்துச் சொச்சம் கட்ட வேண்டும். எடுத்துவிடலாமா? இந்த நஷ்டத்துக்கு என்னதான் வழி?

ம.

அன்புள்ள ம.,

உங்கள் ஊர்ப் பெயரை எடுத்துவிட்டேன், கோபித்துக்கொள்ள வேண்டாம். அந்தப் பெயரைப் பார்த்ததும்தான் பதில் எழுத உட்கார்ந்தேன். என் ஊர் அங்கிருந்து ஏரிக்கரையோடு நடந்தால் அரை மணி நேரம். நானும் சில வாரங்களாக ஒரு பஸ்ஸைப் பற்றித்தான் யோசித்துக்கொண்டிருக்கிறேன். அதற்கு வருகிறேன்.

சின்ன விஷயங்களை முதலில் முடித்துவிடலாம். ரயில் வரும்போது வரட்டும். வந்தாலும் உங்கள் ஊர் ஏரிக்கரையில் நிற்காது என்று அப்பாவிடம் சொல்லுங்கள்.

தனியார் பஸ்ஸுக்குக் கடலூர்ப் புதுச்சேரி சாலையில் என்ன குறை? ஏர்ஹாரனை அலறவிட்டுக்கொண்டு ஒன்றன் பின்னால் ஒன்று பறக்கிறது. கன்னியக்கோயிலில் உள்ளே திரும்பச் சொல்லுங்கள் பார்ப்போம். அவர்களைத் திட்டவும் எனக்கு மனமில்லை. கலெக்‌ஷனுக்கு ஏற்ற பேட்டா வாங்கும் கண்டக்டர் ஏழு பேருக்காக ஏன் இருட்டுக்குள் வரவேண்டும்?

இலவசம் தமிழ்நாட்டில் 2021 மே மாதம் வந்தது. நகரப் பேருந்துகளில் பெண்கள் போகும் செலவைக் கழகங்களுக்கு அரசு கொடுக்கிறது. கழகங்களின் கடன் அதற்கு எத்தனையோ ஆண்டுகளுக்கு முந்தையது. 2018 ஜனவரியில் கட்டணத்தை ஏற்றினார்கள், மாணவர்கள் சாலைக்கு வந்தார்கள், பத்து நாளில் கொஞ்சம் குறைத்தார்கள். அதன்பிறகு அந்தப் பேச்சை எடுக்க யாருக்கும் துணிவில்லை. டீசலும் டயரும் அதுவரை விலை ஏறாமல் காத்திருக்குமா? போகட்டும், கண்டவர்கள் பேசினால் பரவாயில்லை. ஆடிட்டர் அலுவலகத்தில் உட்கார்ந்துகொண்டு இப்படிக் கணக்குப் பேசுகிறார்களே, அதுதான் தாங்கவில்லை.

சரி, இப்போது உங்களுக்கு. உங்கள் கடிதத்தில் 'நஷ்டம்' நான்கு இடங்களில் வருகிறது. எண்ணிப் பார்த்தேன். மேசைக்கு அந்தப் பக்கம் இருப்பவர் அதைச் சொல்வார், அவருக்கு அதுதான் சொல்லிக்கொடுக்கப்பட்டிருக்கிறது. அவர் வாயிலிருந்து வாங்கி மடியில் முடிந்துகொண்டு நீங்கள் ஏன் வந்தீர்கள்? பாகூர் ஏரித் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று வீட்டில் பெரியவர்களைக் கேளுங்கள். தமிழ்நாட்டுப் பக்கம் சொர்ணாவூர் அணைக்கட்டில் தென்பெண்ணையிலிருந்து பிரிந்து, பங்காரு வாய்க்கால் வழியாக எல்லையைத் தாண்டி வருகிறது. அந்த வாய்க்காலைத் தூர்வாரும்போது எந்த மடை எவ்வளவு சம்பாதித்தது என்று யாராவது கேட்கிறார்களா? கடைமடைக்காரனுக்கு அரை காணிதான் இருக்கிறது, அவனுக்குத் தண்ணீர் விடுவது நஷ்டம் என்று மடையை அடைத்தால் ஊர் சும்மா இருக்குமா? அங்கே மண்வெட்டியைத் தூக்குகிற நம் ஆட்கள், பஸ் விஷயத்தில் மட்டும் 'பாவம், கவர்மென்டுக்கு நஷ்டம்' என்று தலையைச் சொறிந்துகொண்டு திரும்பி வருகிறார்கள். நீங்களும் வந்திருக்கிறீர்கள்.

நான் சொல்ல வந்த பஸ் எங்கள் ஊரில் ராத்தங்கலாக நின்ற பஸ். நான் பள்ளியில் படித்த காலம். இரவு பத்துக்குக் கொஞ்சம் முன்னால் வந்து மாரியம்மன் கோயில் அரசமரத்தடியில் நிற்கும். கடைசி நடையில் ஆறு பேர் இறங்கினால் அதிகம். டிரைவர் பின்சீட்டில் துண்டை விரித்துவிடுவார். கண்டக்டர் கோயில் பல்புக்குக் கீழே உட்கார்ந்து வே-பில்லை, அதாவது அன்றைய டிக்கெட் கணக்கை, முடிப்பார். டிக்கெட் கட்டுகளை விலைவாரியாக அடுக்கி ரப்பர் பேண்ட் போடுவார், சில்லறையைப் பழைய பேப்பரில் சுருட்டுவார். எங்கள் வீட்டிலிருந்து ஒரு சொம்பு தண்ணீரும், மழை நாளென்றால் ரசமும் போகும். கொண்டுபோய்க் கொடுப்பது என் வேலை. ஒருநாள் விசிலை ஊதிப் பார்க்கக் கொடுத்தார். நான் ஊதியதும் தூங்கிக்கொண்டிருந்த டிரைவர் எழுந்து ஸ்டீயரிங் பக்கம் நடக்க ஆரம்பித்துவிட்டார்.

காலை நாலே முக்காலுக்கு எஞ்சின் உறுமும். ஊரில் கடிகாரம் உள்ள வீடுகள் நாலைந்துதான். வண்டிச் சத்தம் கேட்டுத்தான் அடுப்பு பற்ற வைப்பார்கள். அம்மா கீரைக்கட்டைக் கோணியில் போட்டுக்கொண்டு திருப்பாதிரிப்புலியூர் பான்பரி மார்க்கெட்டுக்குப் போவாள். பால்காரர்கள், முல்லை அரும்பு கொண்டுபோகிறவர்கள், சித்தாள்கள், மெயின் ரோட்டில் வண்டி மாறி ஜிப்மர் போகும் நோயாளிகள் என்று அறுபது பேருக்குக் குறையாது. நோயாளிகள் மட்டும் தனியாகத் தெரிவார்கள். சீட்டையும் எக்ஸ்ரேவையும் மஞ்சப்பையில் வைத்து மார்போடு அணைத்துக்கொண்டு நிற்பார்கள்.

ஒரு மழைக்காலத்தில் ராத்தங்கலை எடுத்துவிட்டார்கள். எந்த டெப்போ என்று சொல்லப்போவதில்லை, அதைச் சொல்லி இனி என்ன ஆகப்போகிறது. காரணம் உங்களுக்குத் தெரியும். இரவு நடையில் ஆறு பேர். நிறுத்தியது அந்த ஒரு நடையைத்தான், காலை நடையில் கை வைக்கவில்லை என்று சத்தியம் செய்தார்கள். ஆனால் ஊரில் தூங்காத வண்டி காலையில் டெப்போவிலிருந்து காலியாக ஓடி வந்தாக வேண்டும். வந்து சேர ஆறேகால் ஆகும். ஆறேகாலுக்கு ஏறும் கீரை மார்க்கெட் போய்ச் சேரும்போது வியாபாரிகள் வாங்கி முடித்திருப்பார்கள். அம்மாவும் மற்றவர்களும் சேர்ந்து ஒரு டெம்போவைப் பேசிக்கொண்டார்கள். ஜிப்மர் போகிறவர்கள் முந்தின நாளே புதுச்சேரியில் சொந்தக்காரர் வீட்டில் போய்ப் படுத்துக்கொண்டார்கள். சொந்தக்காரர் இல்லாதவர்கள் நோயைத் தள்ளிப்போட்டார்கள். காலை நடையில் அறுபது முப்பதானது, முப்பது பதினைந்தானது. இரண்டு வருடத்தில் அதற்கும் கலெக்‌ஷன் இல்லை என்று நிறுத்தினார்கள். இரவில் அந்த ஆறு பேருக்காக வந்த வண்டிதான் காலையில் அறுபது பேரைத் தூக்கிக்கொண்டு போனது. ஒவ்வொரு நடைக்கும் தனித்தனியாக வரவு செலவு போட்டதில் இது கண்ணில் படவே இல்லை. உங்கள் எட்டே முக்காலும் அப்படித்தான். இரவு திரும்பி வர வண்டி இல்லையென்றால் காலையில் எதை நம்பி பஸ்ஸில் போவீர்கள்? உங்களிடம் இப்போது ஸ்கூட்டர் பேச்சு வந்துவிட்டது, பார்த்தீர்களா. காலை நடையில் ஒரு டிக்கெட் குறையப்போகிறது.

போன மாதம் பெரியப்பாவின் டிரங்குப் பெட்டியைத் திறந்தோம். 1962-ல் பிரெஞ்சுக் குடியுரிமையே வேண்டும் என்று எழுதிக்கொடுத்துவிட்டுப் போனவர்களில் அவர் ஒருவர். கொஞ்ச காலம் சொல்தா, அதாவது பிரெஞ்சுப் பட்டாளத்தில் சிப்பாய், பிறகு பாரிஸ் புறநகரில் ஒரு தொழிற்சாலை, பென்ஷனோடு ஊர் திரும்பினார். சம்பளச் சீட்டு ஒன்றையும் தூக்கிப் போடாமல் ஆண்டுவாரியாக நூல் கட்டி வைத்திருந்தார். முதலாளி கட்டுகிற தொகைகளின் பத்தியில் ஒரு வரி: வெர்ஸ்மான் த்ரான்ஸ்போர். பெரியப்பா அதன் கீழே பென்சிலால் தமிழில் 'வண்டிக் காசு' என்று எழுதியிருந்தார்.

அந்த வண்டிக் காசுதான் சில வாரமாக என் மண்டையில் ஓடுகிறது. 1971-ல் பாரிஸ் வட்டாரத்துக்கும் 1973-ல் மற்ற பெரிய நகரங்களுக்கும் சட்டம் போட்டுக் கொண்டுவந்தார்கள். இப்போது பெயர் மாறியிருக்கிறது, காசு மாறவில்லை. 11 பேருக்குக் குறையாமல் வேலை செய்கிற இடமாக இருந்தால், மொத்தச் சம்பளத்தில் ஒரு பங்கை அந்த வட்டாரப் போக்குவரத்துக்கு முதலாளி கட்ட வேண்டும். பாரிஸ் நகருக்குள் இன்று அது 3 சதவீதத்துக்குச் சற்று மேல். தொழிலாளி நேரத்துக்கு வந்து சேர்வதில் லாபம் யாருக்கு? அவர் கட்டட்டும் என்பதுதான் நியாயம். பணம் நிதி அமைச்சரின் பெட்டிக்குள் போய்ச் சேர்ந்து, பிறகு அவர் மனது வைத்து வெளியே வருவதில்லை. நேராக வட்டாரப் போக்குவரத்து அமைப்புக்குப் போகிறது. பாரிஸ் வட்டாரத்தில் பஸ்ஸும் ரயிலும் ஓடுவதற்கான வரவில் ஆகப் பெரியது இதுதான். முதலாளிகள் இன்றும் முணுமுணுக்கிறார்கள், கட்டவும் செய்கிறார்கள். பிரெஞ்சுக்காரர்கள் நம்மை இருநூறு வருடத்துக்கு மேல் ஆண்டார்கள். அவர்களிடமிருந்து ரொட்டியையும் கொம்யூன் என்ற சொல்லையும் வைத்துக்கொண்டோம், இதை விட்டுவிட்டோம்.

இங்கே காலை எட்டு மணிக்குக் கிருமாம்பாக்கத்தில் நின்று பாருங்கள். கல்லூரி பஸ், ஆஸ்பத்திரி பஸ், கம்பெனி வேன், பாதி சீட் காலியாக வரிசை கட்டிப் போகும். கடலூர் சிப்காட்டிலும் சேதராப்பட்டிலும் இதே கதை. ஆளுக்கொரு வண்டி வைத்து அவர்கள் ஏற்கெனவே செலவு செய்துகொண்டுதான் இருக்கிறார்கள். அதில் ஒரு பங்கை ஒரே இடத்தில் சேர்த்தால் உங்கள் ஊருக்குள் வண்டி வரும்.

எந்த இடத்தில் சேர்ப்பது என்பதுதான் வில்லங்கம். கடலூரிலிருந்து புதுச்சேரி 22 கிலோமீட்டர், நடுவில் முள்ளோடை எல்லை, இரண்டு அரசாங்கம், இரண்டு கழகம். எல்லை தாண்டி ஒரு பஸ் விட வேண்டுமென்றால் இரண்டு அரசும் ஒப்பந்தம் போட வேண்டும். நகரங்களுக்கு ஒருங்கிணைந்த போக்குவரத்து அமைப்பு வேண்டும் என்று மத்திய அரசின் கொள்கை 2006-லேயே சொன்னது. சென்னைக்கு 2010-ல் சட்டம் வந்தது. நமக்கு? புதுச்சேரியோ யூனியன் பிரதேசம், நிதிக்குழு மத்திய வரியில் மாநிலங்களுக்குப் பங்கு பிரிக்கும்போது வரிசையில் இடமில்லை. வருடா வருடம் டெல்லியிடம் கேட்டு வாங்குகிற காசில் முதலில் வெட்டு விழுவது உங்கள் எட்டே முக்காலில்தான்.

புது பஸ் வாங்கப் பணம் எப்படியோ வந்துவிடும். கொடியசைக்கலாம், முன்கண்ணாடியில் மாலை போட்டுப் படம் எடுக்கலாம். அந்த பஸ்ஸுக்கு மூன்றாம் வருடம் டயர் மாற்றுவதை யாரும் படம் எடுப்பதில்லை. 2023-ல் அறிவித்த மின்சாரப் பேருந்துத் திட்டத்தில்தான் 10 ஆண்டுக்கு ஓட்டும் செலவிலும் பங்கு தருகிறோம் என்று மத்திய அரசு ஒப்புக்கொண்டது. நல்லது. பதினோராவது ஆண்டு?

2024 ஜனவரியில், பொங்கலுக்கு முந்தின வாரம், தமிழ்நாட்டுப் போக்குவரத்துத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். பண்டிகை நேரத்தில் இப்படியா என்று நானும்தான் திட்டினேன். வரவுக்கும் செலவுக்கும் உள்ள வித்தியாசத்தை அரசே பட்ஜெட்டில் ஒதுக்க வேண்டும் என்பதும் அவர்கள் கோரிக்கையில் இருந்ததை அப்புறம்தான் படித்தேன். நீங்களும் நானும் மனுவில் எழுதியிருக்க வேண்டியதை டிரைவரும் கண்டக்டரும் கேட்டிருக்கிறார்கள்.

அடுத்த மனுவில் பஸ் வேண்டும் என்று மட்டும் எழுதாதீர்கள். இரவு எட்டே முக்காலில் வருகிறவர்கள் யார் யார், அவர்களில் எத்தனை பேர் காலையில் எந்த நடையில் போகிறவர்கள், இரவு நடை நின்றபிறகு எத்தனை பேர் காலையிலும் ஏறுவதில்லை என்று ஒரு மாதம் நோட்டில் குறித்து, அதையும் சேர்த்துக் கொடுங்கள். ஒரு பிரதி புதுச்சேரிக்கு, ஒரு பிரதி கடலூர் கலெக்டர் அலுவலகத்துக்கு. கூட்டிக் கழிக்க உங்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. அலுவலகத்து ஆட்களையும் கையெழுத்துப் போடச் சொல்லுங்கள், செய்த பாவம் தீரும்.

ஸ்கூட்டர் கேட்டிருந்தீர்கள், மறந்தே போனேன். வாங்கிக்கொள்ளுங்கள் அம்மா. பெட்டிக்கடை விளக்கை நம்பி நில்லுங்கள் என்று சொல்ல எனக்கு என்ன யோக்கியதை? நானே 2009-ல் ஒன்று வாங்கினேன். முன்விளக்கு நல்லதாகப் பார்த்து எடுங்கள். திங்கட்கிழமை ஒருநாளாவது காலை நடையில் போங்கள், கண்டக்டரின் கணக்கில் ஒரு டிக்கெட் கூடட்டும்.