ஐப்பசி ஈரத்தில் ஆரஞ்சுப் பூசணி

வாசகர் கேள்வி – கைவேலைப் பகுதி

அக்டோபர் 31 அன்று பேய் வேடம் போட்டு, பூசணியில் முகம் செதுக்கிக் கொண்டாடும் ஹாலோவீனுக்கு அமெரிக்காவில் இருக்கும் பேரப்பிள்ளைகளுக்கு நானே கார்டு செய்து அனுப்ப ஆசை. பூசணி முகத்துக்கு ஸ்டென்சில் வெட்டினேன். வெளிக்கோட்டை வெட்டியதும் கண், வாய் எல்லாம் பூசணியோடு கழன்று வந்துவிட்டன. மறுபடி வெட்டினால் ஓரமெல்லாம் பெயின்ட் கசிகிறது. – வாசகி, தேவகோட்டை

பெயின்ட் படக்கூடாத கண்ணும் வாயும் ஓட்டைக்கு நடுவே தீவாக நிற்பவை. பிடிமானம் இல்லாவிட்டால் விழத்தான் செய்யும். ஆத்தங்குடிக் கல் (பூப்போட்ட தரை ஓடு) செய்யும் தகட்டு அச்சைப் பாருங்கள். அச்சின் ஒவ்வொரு கட்டத்திலும் ஒரு நிறம் ஊற்றினாலும் அவற்றின் சுவர்கள் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டிருக்கும். உங்களுக்கு அந்தச் சுவரைப் பூசணியே தருகிறது. மேலிருந்து கீழே ஓடும் அதன் வரிகளை 3 மி.மீ. அகலப் பட்டையாக வெட்டாமல் விடுங்கள். கண்ணும் வாயும் அந்தப் பட்டையில் தொட்டுக்கொண்டு நிற்கட்டும். 2 மி.மீ.க்குக் கீழே போனால் நாலாவது கார்டிலேயே அறுந்துவிடும்.

ஸ்டென்சிலுக்கு ஓ.எச்.பி. ஷீட் (கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் தாள்) அல்லது ஸ்டிக் ஃபைலின் கண்ணாடி அட்டை போதும். சாதாரண சார்ட் அட்டை ஐந்தாறு தடவையில் ஊறிச் சுருண்டுவிடும். சின்ன ஓட்டைகளை முதலில், பெரியதைக் கடைசியில் வெட்டுங்கள். முதலிலேயே பெரியதை வெட்டினால் ஷீட் தொளதொளவென்று ஆடும். வளைவில் கத்தியைத் திருப்பாதீர்கள், ஷீட்டைத் திருப்புங்கள்.

கசிவுக்குக் காரணம் பெரும்பாலும் பெயின்ட் அதிகமாக இருப்பதுதான். பெயின்ட் கெட்டித் தயிர் பதத்தில் இருக்க வேண்டும், மோராக இருக்கக்கூடாது. பாத்திரம் தேய்க்கும் ஸ்பாஞ்சில் இரண்டு விரல் அகலத் துண்டு வெட்டி, பெயின்டைத் தொட்டு, பழைய பேப்பரில் நாலைந்து தட்டு தட்டிவிட்டு, பிறகு கார்டில் செங்குத்தாக ஒற்றுங்கள். இழுத்தால் பெயின்ட் ஓரத்துக்கு அடியில் புகுந்துவிடும். ஒரே கனமான பூச்சைவிட இரண்டு மெல்லிய பூச்சு நல்லது. நாலைந்து கார்டுக்கு ஒருமுறை ஸ்டென்சிலின் அடிப்பக்கத்தைத் துடையுங்கள். இதைப் பலரும் மறந்துவிடுகிறார்கள்.

உருளைக்கிழங்கில் வௌவால் அச்சு வெட்டினேன். நடுவில் திட்டுத் திட்டாக விழுகிறது. – வாசகர், காரைக்குடி

கிழங்கின் தண்ணீர் பெயின்டை நீர்க்கச் செய்கிறது. வெட்டிய முகத்தைத் துணியில் ஒற்றி, பேப்பர் மேல் 15 நிமிடம் கவிழ்த்து வையுங்கள். கத்தி ஒரே வீச்சில் போகாவிட்டால் முகம் குழிந்திருக்கும். குழி இருக்கும் இடத்தில் பெயின்ட் ஒட்டாது. கார்டுக்கு அடியில் நாலு மடிப்புப் பேப்பர் வைத்தால் அந்தக் குறை பாதி மறையும்.

இருபது கார்டுக்கு மேல் என்றால் கிழங்கு வேண்டாம், பெரிய ரப்பரே மேல். பட்டர் பேப்பரில் பென்சிலால் வரைந்து, அதைக் குப்புற வைத்து நகத்தால் தேய்த்தால் படம் இடவலம் மாறி ரப்பரில் இறங்கும். எழுத்து வெட்டுவோருக்கு இது கட்டாயம். வெட்டும்போது கத்தியை வெளிப்பக்கம் சாய்த்து, அடி அகலமாக இருக்கும்படி வெட்டுங்கள். உள்பக்கம் குடைந்தால் வௌவாலின் இறக்கை நுனி முதலில் பிய்ந்துவிடும்.

கறுப்பு அட்டையில் ஆரஞ்சு மங்கித் தெரிகிறது. காய்ந்த கார்டுகளும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்கின்றன. – வாசகி, பள்ளத்தூர்

முதலில் அதே ஸ்டென்சிலில் வெள்ளை அடித்து, காய்ந்தபின் நகர்த்தாமல் ஆரஞ்சு அடியுங்கள். மூன்று பங்கு மஞ்சளுக்கு ஒரு பங்கு சிவப்பில் தொடங்கி, சிவப்பைத் துளித்துளியாகக் கூட்டுங்கள்.

ஒட்டுவது ஐப்பசி ஈரத்தால். அக்ரிலிக் மேலே காய்ந்ததுபோல் தெரிந்தாலும் உள்ளே பிசுபிசுப்பு இருக்கும். வளவுப் பக்கம், அதாவது வீட்டு நடுமுற்றத்தில், சாரல் அடிக்கும். உள்ளறையில் ஃபேனுக்குக் கீழே ஒரு ராத்திரி பரப்பி வைத்து, இடையே பட்டர் பேப்பர் வைத்து அடுக்குங்கள்.

அட்டையை மடித்தால் மடிப்பில் வெடிக்கிறதே? – வாசகர், கானாடுகாத்தான்

அட்டைக்கும் நார் ஓட்டம் உண்டு. இரண்டு பக்கமும் லேசாக வளைத்துப் பாருங்கள். எந்தப் பக்கம் சுலபமாக வளைகிறதோ அதே போக்கில் மடிப்பு வர வேண்டும். 250 ஜி.எஸ்.எம். (சதுர மீட்டருக்கு 250 கிராம்) கன அட்டை என்றால் மை தீர்ந்த பால்பாயின்ட் பேனாவால் ஸ்கேலை வைத்து ஒரு கோடு அழுத்திவிட்டு மடியுங்கள். அச்சு அடிப்பதற்கு முன்பே மடித்துவிடுங்கள். பெயின்டின் மேல் மடிப்பு விழுந்தால் அங்கே உதிரும்.