பசை இன்னும் மெத்தென்று இருக்கிறது, தகட்டைப் பிய்க்கட்டுமா?

கேள்வி: இங்கிலாந்தில், லெஸ்டரில் வசிக்கிறேன். லோட்டஸ் செவன் பாணி கிட் கார் (பாகங்களாக வாங்கி நாமே பூட்டும் கார்) ஒன்றை வீட்டு கராஜிலேயே கட்டுகிறேன். பவுடர் கோட்டிங் செய்த இரும்புக் குழாய் சேசிஸில் பக்கவாட்டு அலுமினியத் தகட்டை பாலியூரித்தேன் பசையால் ஒட்டிப் பத்து நாளாகிறது. ஓரம் இறுகிவிட்டது, உள்ளே குத்தினால் மெத்தென்று இருக்கிறது. பிய்த்துவிட்டுத் திரும்ப ஒட்டட்டுமா?

பதில்: பிய்க்காதீர்கள். இது பெரும்பாலும் இன்னும் காயாத பசைதான்.

இந்தப் பசை காற்றிலுள்ள ஈரத்தைக் குடித்துத்தான் இறுகும். உலோகத்தை ஊடுருவி ஈரம் போகாது, ஓரம் வழியாகத்தான் நுழைய வேண்டும். 23 டிகிரியில் முதல் நாள் சுமார் 3 முதல் 4 மி.மீ. ஆழம் இறுகும், பிறகு நாளுக்கு நாள் வேகம் குறையும். உங்கள் குழாய் 25 மி.மீ. அகலம் என்றால், அதன் நடுப்பகுதி ஓரத்திலிருந்து 12 மி.மீ. உள்ளே இருக்கிறது. இதமான அறையிலேயே பத்து நாள் பக்கம் பிடிக்கும் வேலை, குளிர்ந்த கராஜில் இன்னும் இழுக்கும். ஹீட் கன் காட்டினால் குமிழ் விட்டுப் பஞ்சாகிவிடும். அறையைச் சூடாக்கி, ஒரு வாளி வெந்நீர் வைத்துக் கதவைச் சாத்துங்கள். கிளாம்ப் போட்டு நசுக்கவும் வேண்டாம். வெயிலில் அலுமினியம் இரும்பைப்போல இரு மடங்கு நீளும். அதற்கு ஈடுகொடுக்கப் பசை 2 மி.மீ. கனமாவது இருக்க வேண்டும்.

சந்தேகம் தீர ஒரு சோதனை. ஓரத்தில் வழிந்து இறுகிய பசையை பிளேடால் ஓர் அங்குலம் கிளப்பி, நுனியைப் பிடித்து இழுங்கள். பசை நடுவில் கிழிந்து உலோகத்திலும் ஒட்டிக்கொண்டிருந்தால் நிம்மதியாகத் தூங்கலாம். டேப் உரிவதுபோல வழுக்கென்று வந்தால் தகட்டைக் கழற்ற வேண்டும்.

மூன்றாவதாக ஒன்று உண்டு: பசையின் முதுகில் கோட்டிங் செதில் ஒட்டிக்கொண்டு வருவது. பசை நன்றாகப் பிடித்திருக்கிறது, கோட்டிங் இரும்பைப் பிடிக்கவில்லை. மணல் பீய்ச்சித் துரு நீக்காமல் அடித்த பவுடர் கோட்டிங்கில் இது சகஜம். எவ்வளவு விலையுயர்ந்த பசை போட்டாலும் தகடு அந்தப் பெயின்ட்டில்தான் தொங்கும். இதற்கும் தகட்டைக் கழற்றித்தான் ஆக வேண்டும். ஒட்டும் இடத்தை இரும்பு தெரியுமளவு சுரண்டி, எபாக்ஸி பிரைமர் அடித்துப் பிறகு ஒட்டுங்கள். வெறும் இரும்பில் ஒட்டினால் அடியிலேயே துரு ஓடும். அடுத்த தகட்டுக்கு முன்பே குழாயில் பிளேடால் கட்டம் கட்டமாகக் கீறி, டேப் ஒட்டிச் சட்டென்று இழுத்து, கோட்டிங் பெயர்ந்து வருகிறதா என்று பாருங்கள்.

பாதி விலைக்கு வரும் பசை ட்யூப்பை நம்பாதீர்கள். எனக்கு ஒருவர் விற்ற பெட்டியில் தேதி அச்சடித்த இடம் மட்டும் தின்னரால் துடைக்கப்பட்டிருந்தது. அழுத்தினால் கல். ட்யூப் விரலுக்கு இளக வேண்டும், தேதி கண்ணுக்குத் தெரிய வேண்டும்.

"எல்லாம் நாங்களே கட்டித் தருகிறோம், நீங்களே கட்டியதாகக் கையெழுத்துப் போடுங்கள்" என்று வரும் பட்டறைக்காரரை வாசலோடு அனுப்புங்கள். பொய் அறிக்கைக்கு மாட்டப்போவது நீங்கள். ஐ.வி.ஏ. பரிசோதனையில் (இப்படிக் கட்டிய காரைச் சாலைக்கு விடும் முன் பிரிட்டனில் நடக்கும் அரசுப் பரிசோதனை) வெளி விளிம்பின் வளைவு 2.5 மி.மீ. ஆரம் இருக்கிறதா என்று அளக்கிறார்கள்; நல்லதுதான். ஆனால் தகட்டைத் தாங்கும் பசைக்குள் என்ன இருக்கிறது என்று யாருமே கேட்பதில்லை. இத்தனை வருடமாக இது எனக்கு ஆறவில்லை.

பிளேடு சோதனையை இன்றே செய்யுங்கள். கிழிந்து வந்தால் இன்னும் மூன்று வாரம் தகட்டில் கை வைக்காதீர்கள்.