மட்டக்களப்பின் கல்லடியில் வெளிச்சுவருக்குப் பெயின்ற் அடிக்குமுன் என்ன செய்ய வேண்டும்?

கடற்கரையை அண்டிய உங்கள் வீட்டில் இரண்டு வருடத்திற்குள் பெயின்ற் உரிந்துவிட்டது என்கிறீர்கள். பெரும்பாலும் குற்றம் பெயின்ற்றில் அல்ல, அதற்கு அடியில் தங்கிய உப்பிலும் ஈரத்திலும்தான் இருக்கும்.

சுவரை உள்ளங்கையால் தடவிப் பாருங்கள். வெண்பொடி ஒட்டினால், அது பழைய பெயின்ற்றின் தூளோ பூத்த உப்போ, எதுவானாலும் அதன்மேல் புதுப் பூச்சுப் பிடிக்காது. உப்பை முதலில் காய்ந்த தூரிகையால் தேய்த்து உதிர்த்துவிடுங்கள். எடுத்த எடுப்பிலேயே நனைத்தால் அது கரைந்து மீண்டும் சுவருக்குள் இறங்கிவிடும். உரிந்தவற்றைச் சுரண்டிய பின் நல்ல தண்ணீரால் கழுவுங்கள். கிணறு உவராக இருந்தால் அந்த நீர் வேண்டவே வேண்டாம். வெடிப்புகளை அடைத்து, சில நாட்கள் நன்றாகக் காயவிட்டு, சீமெந்தின் காரத்தைத் தாங்கும் பிரைமர் (அடிப்பூச்சு) பூசுங்கள். புதிய சீமெந்துப் பூச்சென்றால் குறைந்தது 28 நாட்கள் பொறுங்கள்.

மட்டக்களப்பில் இவ்வேலைக்கு உகந்தது மாரிக்கு முந்திய, வறண்ட கச்சான் காற்று வீசும் ஜூன் முதல் ஓகஸ்ட் வரையான காலமே.