பழைய ஃபிலிம் கேமராவில் கோளாறா? திறப்பதற்கு முன் நெகட்டிவைப் பாருங்கள்

பெரியப்பா வைத்திருந்த எஸ்எல்ஆர் கேமரா (உள்ளே இருக்கும் கண்ணாடி வழியாக லென்ஸ் பார்ப்பதையே நாமும் பார்க்கும் வகை) உங்களிடம் வந்திருக்கிறது. ஒரு கலர் ரோல் போட்டு எடுத்தீர்கள். பல படங்களில் ஆரஞ்சு நிறத் தீற்றல், வெளிச்சத்தை அளக்கும் மீட்டரின் முள்ளை நம்ப முடியவில்லை, ஃபிலிமுக்கு முன்னால் திறந்து மூடும் ஷட்டர் குறைந்த வேகங்களில் இழுத்துக்கொண்டு நிற்கிறது. இதையெல்லாம் நானே சரிசெய்ய முடியுமா, இல்லை ஷோகேஸில் வைக்க வேண்டியதுதானா என்று கேட்டிருக்கிறீர்கள்.

ஷோகேஸில் வைக்காதீர்கள். நீங்கள் சொன்ன மூன்றில் இரண்டை ஒரு ஸ்க்ரூவைக்கூடக் கழற்றாமல் சரிசெய்துவிடலாம். மூன்றாவதும் பல நேரங்களில் தானாகவே வழிக்கு வரும்.

எனக்காகவும் நண்பர்களுக்காகவும் பல வருடங்களாகப் பழைய கேமராக்களைப் பழுது பார்க்கிறேன். "செத்துப்போச்சு" என்று கைக்கு வருகிறவற்றில் உண்மையிலேயே பாகம் உடைந்தது குறைவு. பித்தளையும் எஃகும் அப்படியேதான் இருக்கும். கெட்டுப்போவது அவற்றுக்கு இடையில் இருப்பவை: வெளிச்சத்தைத் தடுக்கும் ஃபோம், இறுகிப்போன எண்ணெய், உள்ளேயே விட்டுவிட்ட பேட்டரி. இந்த மூன்றில் எது என்று தெரிவதற்கு முன்னால் ஸ்க்ரூ டிரைவரைத் தொடாதீர்கள் என்பதுதான் நான் சொல்ல வருவது. எது என்பதை நெகட்டிவே சொல்லிவிடும்.

கழுவி வந்த நெகட்டிவை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். லேபிலிருந்து வந்த ஸ்கேனை வைத்து முடிவுக்கு வர வேண்டாம். ஸ்கேன் செய்யும் மென்பொருள் இருட்டாக விழுந்த படத்தைத் தூக்கிவிடும், அதிக வெளிச்சம் வாங்கிய படத்தை அடக்கிவிடும். பார்க்க நன்றாக இருக்கும், கோளாறு மட்டும் மறைந்துபோகும்.

ரோல் முழுக்க வெறுமையாக வந்தவர்களுக்காக இதை முதலில் சொல்லிவிடுகிறேன். துளைகளை ஒட்டிய ஓரத்தில் எண்களும் ஃபிலிமின் பெயரும் தெரிகின்றனவா பாருங்கள். அவை தொழிற்சாலையிலேயே ஒளியால் பதிக்கப்பட்டவை. எழுத்து இருக்கிறது, படம் இல்லை என்றால் கழுவியதில் குறையில்லை, ஃபிலிம் மீது வெளிச்சம் விழவே இல்லை. பெரும்பாலும் ஃபிலிமின் நுனி, அதைச் சுற்றிக்கொள்ளும் ஸ்பூலிலிருந்து நழுவியிருக்கும். அடுத்த முறை ரோல் போட்டதும் ரீவைண்ட் குமிழை மெதுவாகத் திருகித் தொய்வை எடுத்துவிட்டு, ஃபிலிமை நகர்த்தும் லீவரை இழுங்கள். அந்தக் குமிழ் எதிர்ப்பக்கம் சுழன்றால் ஃபிலிம் நகர்கிறது. எழுத்தும் இல்லை, படமும் இல்லை என்றால் கேமராவை விட்டுவிட்டுக் கழுவியவரிடம் பேசுங்கள்.

இனி உங்கள் ஆரஞ்சுத் தீற்றல். அது படத்தின் சட்டத்துக்குள்ளேயே நிற்கிறதா, வெளியே துளைகள் வரை வழிகிறதா? துளைகள் வரை போனால் வெளிச்சம் பின்கதவு வழியாக நுழைகிறது. சட்டத்துக்குள்ளேயே நின்றால் சந்தேகம் ஷட்டர் மேல். நிறமும் சாட்சி சொல்லும். கலர் நெகட்டிவில் நீலம், பச்சை, சிவப்பு ஆகியவற்றை உணரும் அடுக்குகள் முன்னிருந்து பின்னாக இருக்கின்றன. பின்பக்கமாக வரும் வெளிச்சம் முதலில் சிவப்பு அடுக்கைத்தான் தொடும். அதனால்தான் கதவுக் கசிவு சிவப்பாகவோ ஆரஞ்சாகவோ விழுகிறது. முன்பக்கமாக வந்த கசிவு வெளிறிப்போய்த் தெரியும். நீங்கள் ஆரஞ்சு என்று சொல்லிவிட்டதால் எனக்குக் கதவு மேல்தான் சந்தேகம்.

எந்தப் பக்கம் என்றும் தெரிந்துகொள்ளலாம். ஃபிலிமில் படம் தலைகீழாகவும் இடவலம் மாறியும் விழுகிறது. படத்தின் கீழ்ப்பகுதியில் தீற்றல் இருந்தால் பின்கதவின் ஓரம் பொருந்தும், ஃபோம் ஒட்டிய பள்ளங்களில் மேல்பக்கப் பள்ளத்தைப் பாருங்கள். படத்தின் இடது ஓரத்தில் இருந்தால், கேமராவைப் பின்பக்கமிருந்து பார்க்கும்போது வலது கோடி, அதாவது வழக்கமாகக் கதவின் கீல் இருக்கும் இடம். கீல் ஓரத்து ஃபோம்தான் முதலில் போகும்.

கதவைத் திறந்து பள்ளத்தை ஒரு பற்குச்சியால் தொட்டுப் பாருங்கள். கறுப்பாக, தார் மாதிரி ஒட்டிக்கொண்டு வந்தால் விஷயம் முடிந்தது. பாலியூரித்தேன் ஃபோம் காற்றின் ஈரத்தால் சிதைந்து பசையாகிவிடும். 1970கள், 80களில் வந்த ஜப்பானியக் கேமராக்களில் இது நடக்காதது அரிது, பூட்டி வைத்திருந்தாலும் நடக்கும்.

இதை மாற்றுவது பொறுமை கேட்கும் வேலை, கஷ்டமான வேலை இல்லை. ஷட்டர் திரையின் மேல் தூசி விழாமல் இருக்க, ஃபிலிம் ஓடும் ரெயில்களின் மேல் ஒரு அட்டைத் துண்டை வையுங்கள், திரையைத் தொடக்கூடாது. மரக்குச்சியால் பழைய பசையைச் சுரண்டி எடுங்கள். மிச்சத்தை ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால் லேசாக நனைத்த பஞ்சுக் குச்சியால் துடையுங்கள். சொட்டச் சொட்ட நனைக்க வேண்டாம், பசை கரைந்து உள்ளே ஓடிவிடும். பள்ளம் பளிச்சென்று உலோகம் தெரியும்வரை விடாதீர்கள். பழைய பசை மேல் புது ஃபோம் நிற்காது.

குறுகிய பள்ளத்துக்குக் கறுப்புக் கம்பளி நூலே போதும், நான் அதைத்தான் அதிகம் விரும்புகிறேன். அது பசையாக மாறாது. ஃபோம்தான் வேண்டும் என்றால் பள்ளங்களுக்குச் சுமார் 1.5 மில்லிமீட்டர் தடிமன் பல மாடல்களுக்குச் சரியாக இருக்கும். கதவை அழுத்தி மூட வேண்டியிருந்தால் தடிமன் கூடிவிட்டது என்று அர்த்தம். ஒட்டும் பக்கத்தை ஒரு துளி தண்ணீரால் நனைத்துக்கொண்டால் வைத்தபின் நகர்த்திச் சரிசெய்ய நேரம் கிடைக்கும், காய்ந்ததும் பிடித்துக்கொள்ளும். அப்படியே லென்ஸைக் கழற்றி, உள்ளிருக்கும் கண்ணாடி மேலே மோதும் இடத்தில் உள்ள மெத்தையையும் பாருங்கள். அதுவும் அதே ஃபோம்தான், உதிர்ந்தால் ஃபோகஸிங் ஸ்க்ரீன் (வியூஃபைண்டரில் நீங்கள் பார்க்கும் காட்சி விழும் தகடு) மேல் கொட்டும். கண்ணாடியை மட்டும் துணியால் துடைக்காதீர்கள். பூச்சு அதன் முன்பக்கத்தில் இருக்கிறது, ஒரு தடவை துடைத்தாலே கீறல் விழும். வியூஃபைண்டரில் தெரியும் தூசி படத்தில் வராது, அதை அப்படியே விட்டுவிடுவது உத்தமம்.

துணித் திரை ஷட்டர் உள்ள கேமராக்களில் இன்னொரு வகைக் கசிவு உண்டு. நண்பர் ஒருவரின் ரேஞ்ச்ஃபைண்டர் கேமராவில் (லென்ஸுக்கும் ஷட்டருக்கும் நடுவில் கண்ணாடி இல்லாத வகை) ஒவ்வொரு படத்திலும் ஒரே இடத்தில் ஒரு வெளிச்சப் புள்ளி. சில படங்களில் சின்னதாக, சிலவற்றில் பெரிதாக. இருட்டறையில் லென்ஸைக் கழற்றி, பின்கதவைத் திறந்து, முன்பக்கமிருந்து டார்ச் அடித்தபோது திரையில் ஊசி முனை அளவு ஓட்டை ஒன்று நட்சத்திரமாக மின்னியது. லென்ஸ் மூடி இல்லாமல் வெயிலை நோக்கி வைத்தால் லென்ஸே பூதக்கண்ணாடியாகி ரேஞ்ச்ஃபைண்டரின் திரையைச் சுட்டுவிடும். எஸ்எல்ஆரில் நடுவில் கண்ணாடி மறைப்பதால் இந்த ஆபத்து குறைவு. புள்ளியின் அளவு மாறியதற்குக் காரணம், லென்ஸ் மூடாமல் ஃபிலிம் எவ்வளவு நேரம் காத்திருந்தது என்பதுதான். வளைந்து கொடுக்கும் கறுப்புத் துணிப் பெயின்ட்டைப் பற்குச்சி நுனியில் தொட்டு, ஓட்டை மேல் மெல்லிய படலமாக வைத்து, நன்றாகக் காயவிட்டபின் ஷட்டரை இயக்கினால் போதும். தடித்துப்போனால் திரை உருளையில் சரியாகச் சுற்றாது.

மீட்டர் விஷயத்துக்கு வருவோம். முள் அசையவே இல்லை என்றால் பேட்டரி அறையைத் திறந்து பாருங்கள். வெள்ளையாகவோ பச்சையாகவோ பூத்திருந்தால் பேட்டரி கசிந்திருக்கிறது. அது காரம், எனவே அமிலம்தான் அதை முறிக்கும். பஞ்சுக் குச்சியில் கொஞ்சம் வினிகர் தொட்டுத் துடைத்து, பிறகு ஆல்கஹாலால் துடைத்துக் காயவிடுங்கள். தொடுமுனை உலோகம் பளபளக்கும் வரை பென்சில் ரப்பரால் தேய்க்கலாம். இதற்குப் பிறகும் முள் அசையாவிட்டால், பேட்டரி அறையிலிருந்து மேலே போகும் ஒயர் உள்ளுக்குள் அரித்துப்போயிருக்கக்கூடும். அந்த இடத்தில் சால்டரிங் தெரிந்தவரின் கை வேண்டும்.

முள் அசைகிறது, ஆனால் தப்பாகக் காட்டுகிறது என்றால் கேமரா எந்த பேட்டரிக்காகச் செய்யப்பட்டது என்று பாருங்கள். 1960கள், 70களின் பல கேமராக்கள் பிஎக்ஸ்625 என்ற பாதரச பேட்டரியை நம்பி வந்தவை. அது 1.35 வோல்ட், தீரும்வரை கிட்டத்தட்ட மாறாமல் கொடுக்கும். பாதரசம் நஞ்சு என்பதால் அமெரிக்கா 1996ல் சட்டம் போட்டு அதை நிறுத்தியது, மற்ற நாடுகளிலும் மறைந்துவிட்டது. அதே அளவில் இன்று கிடைக்கும் ஆல்கலைன் 1.5 வோல்ட், போகப்போக இறங்கிக்கொண்டே வரும். கூடுதல் வோல்ட்டில் மீட்டர், இருப்பதைவிட அதிக வெளிச்சம் இருப்பதாக நினைக்கும். நீங்களும் அதை நம்பி வெளிச்சத்தைக் குறைப்பீர்கள், நெகட்டிவ் மெலிந்துவிடும். காது கேட்கும் கருவிக்குப் போடும் 675 எண் துத்தநாக-காற்று பேட்டரி சுமார் 1.4 வோல்ட், நிலையாகவும் கொடுக்கும். அளவில் சிறியது என்பதால் சுற்றி ஒரு ரப்பர் வளையம் போட வேண்டும். மேலே ஒட்டியிருக்கும் தாளைப் பிரித்ததும் அது காற்றால் தீரத் தொடங்கிவிடும், பயன்படுத்தாவிட்டாலும் சில மாதங்கள்தான் வரும். பென்டாக்ஸ் ஸ்பாட்மேட்டிக் போன்ற சில கேமராக்களின் மீட்டர் சர்க்யூட் இந்த வோல்ட் வித்தியாசத்தைத் தானே சமாளித்துக்கொள்ளும், அவற்றுக்கு இந்த அவஸ்தை இல்லை.

சரிபார்க்க எளிய வழி: நல்ல வெயிலில், லென்ஸின் திறப்பை (அப்பர்ச்சர்) எஃப் 16ல் வைத்து, ஃபிலிமின் ஐஎஸ்ஓ எண்ணுக்கு (வெளிச்சத்தை உணரும் திறனைச் சொல்லும் எண்) நெருங்கிய ஷட்டர் வேகம். ஐஎஸ்ஓ 100 என்றால் 1/125. உங்கள் மீட்டரும் அதையொட்டிச் சொன்னால் நம்பலாம். கலர் நெகட்டிவ் ஒரு ஸ்டாப் அதிக வெளிச்சத்தை, அதாவது இரண்டு மடங்கு வெளிச்சத்தை, தாராளமாகத் தாங்கும், குறைவாகக் கொடுத்தால் தாங்காது. சந்தேகம் வந்தால் அதிகப்பக்கம் சாயுங்கள்.

சில சமயம் கோளாறே இருக்காது. கேனன் ஏஇ-1ல் பேட்டரி இல்லாவிட்டால் ஷட்டர் விழாது, அது பழுதில்லை. யாஷிகா எலெக்ட்ரோ 35ல் பேட்டரி இல்லாவிட்டால் எல்லாப் படமும் அதிக வேகத்திலேயே விழும். ஒலிம்பஸ் ஓஎம்-2ல் பேட்டரி தீர்ந்து கண்ணாடி மேலேயே மாட்டிக்கொண்டால் ஷட்டர் வேக வளையத்தை பி என்ற எழுத்தைத் தாண்டி ரீசெட்டுக்குத் திருப்பினால் இறங்கிவிடும். இது தெரியாமல் கேமராவைப் பிரித்தவர்கள் உண்டு.

கடைசியாக ஷட்டர். குறைந்த வேகங்களை அளக்கும் பற்சக்கரத் தொகுதியில் எண்ணெய் இறுகினால் 1 நொடி என்பது 2 நொடியாகும், அல்லது பாதியிலேயே நிற்கும். எவ்வளவு தாமதம் என்று கைபேசியே சொல்லும். பின்கதவைத் திறந்து வைத்து, நொடிக்கு 240 ஃபிரேம் ஸ்லோமோஷனில் ஷட்டரைப் படம் பிடித்து, திறந்திருக்கும் ஃபிரேம்களை எண்ணுங்கள். 1/30க்கு 8, 1/60க்கு 4 வர வேண்டும். 1/30க்கு 12 ஃபிரேம் வந்தால் அரை ஸ்டாப்புக்கு மேல் தாமதம்.

பல வருடம் தூங்கிய கேமராவுக்கு முதல் மருந்து உடற்பயிற்சிதான். ஃபிலிம் இல்லாமல் எல்லா வேகங்களிலும், முக்கியமாக 1 நொடியிலும் 1/2 நொடியிலும், சில நாட்கள் திரும்பத் திரும்ப அடித்துக்கொண்டே இருங்கள். எண்ணெய் இளகி, ஓசை சீராகிவருவது காதுக்கே தெரியும். ஒன்று மட்டும் கவனம்: கேமரா ஃபெட், சோர்கி மாதிரி பழைய சோவியத் வகை என்றால் ஃபிலிமை நகர்த்தி ஷட்டரை ஏற்றிய பிறகுதான் வேகத்தை மாற்ற வேண்டும். வீட்டில் இருக்கும் துருநீக்கி ஸ்ப்ரேயை எந்தக் கேமராவுக்குள்ளும் அடிக்காதீர்கள். அந்த எண்ணெய் ஷட்டர் தகடுகளுக்கும் லென்ஸுக்கும் பரவி, இருந்த நிலைமையை விட மோசமாக்கும்.

அதிக வேகத்தில் மட்டும் படத்தின் ஒரு ஓரம் இருட்டாக வந்தால், இரண்டாவது திரை முதலாவதைத் துரத்திப் பிடித்துவிடுகிறது. திரைகளின் விறைப்பைச் சரிசெய்ய வேண்டிய வேலை அது. அளக்கும் கருவி இல்லாமல் அதைத் தொட்டால் மற்ற வேகங்களும் சேர்ந்து கெடும். நல்ல மெக்கானிக்கிடம் கொடுங்கள். அவரிடம் கொடுக்கும் வரை, 1/250 வரை மட்டும் வைத்து எடுத்துக்கொண்டிருக்கலாம்.

எப்போதாவது ஸ்க்ரூவைத் தொட நேர்ந்தால் ஜப்பானியக் கேமராக்களுக்கு ஜேஐஎஸ் (ஜப்பானியத் தரம்) முனை டிரைவர் வாங்குங்கள். சாதாரண ஸ்டார் டிரைவர் நழுவித் தலையை வழுக்கிவிடும். உள்ளேயே ஃப்ளாஷ் உள்ள சின்ன கேமராக்களைத் திறக்கவே வேண்டாம். அவற்றின் கெப்பாசிட்டர் 300 வோல்ட் வரை தேக்கி வைத்திருக்கும், பேட்டரியை எடுத்த பிறகும் அடிக்கும்.

உங்கள் கேமராவுக்கு நான் செய்யும் வரிசை: முதலில் கதவுப் பள்ளங்கள், பிறகு பேட்டரி அறை, கூடவே தினமும் கொஞ்சம் ஷட்டர் பயிற்சி. அதன் பிறகு ஒரு ரோல் போடுங்கள், ஒவ்வொரு படத்துக்கும் வேகத்தையும் அப்பர்ச்சரையும் குறித்துக்கொள்ளுங்கள். அப்போதும் தீற்றல் வந்தால் நெகட்டிவை, துளைகளும் தெரியும்படி, படம் பிடித்துக் கருத்துப் பகுதியில் போடுங்கள். எந்த மாடல் என்பதையும் சேர்த்து எழுதினால் அதற்கே உரிய பலவீனங்களைச் சொல்கிறேன்.