குமிழைத் திருகினால் கனம் வருமா?

கேள்வி: ஜெர்மானிய மெட்டல் குழுவான ராம்ஸ்டீனின் முதல் ஆல்பம் 'ஹெர்ஸலெய்ட்' பாடல்களைக் கல்லூரி விழாவில் வாசிக்கப் போகிறோம். இரண்டு கிடாரிலும் ஒலியைக் கரகரப்பாக்கும் டிஸ்டார்ஷனை முழுதாக ஏற்றியும் ரெக்கார்டில் உள்ள கனம் வரவில்லை, கொசகொசவென்று கேட்கிறது. ஆம்ப்ளிஃபயர் போதாதா? கடைசிப் பாட்டை வேகம் கூட்டி வாசித்தால் களைகட்டும் என்கிறார் டிரம்மர். மேடையில் நெருப்பு விடலாமா?

பதில்: ஆம்ப்ளிஃபயர் மேல் பழி போடாதீர்கள். முழுதாக ஏற்றினீர்களே, அதுதான் கோளாறு.

முதலில் பெயரைச் சரியாகச் சொல்லுங்கள். குழு ராம்ஷ்டைன், ஆல்பம் ஹெர்ட்ஸெலைட். பொருள், மனநோவு. 1994-ல் பெர்லினில் சேர்ந்த ஆறு பேர், எல்லாரும் பழைய கிழக்கு ஜெர்மனியில் வளர்ந்தவர்கள். 1995-ல் ஸ்டாக்ஹோமின் போலார் ஸ்டூடியோவில் பதிவு செய்தார்கள். ஆமாம், ஸ்வீடனின் பாப் குழு 'அப்பா' (ABBA) நடத்திய அதே போலார்தான். தயாரிப்பில் முதன்மையானவர் ஸ்வீடன்காரர் யாகோப் ஹெல்னர், மிக்ஸிங் ரொனால்ட் பிரென்ட். மொத்தம் பதினோரு பாடல்கள்.

அவற்றில் ஒன்றை ஹெட்போனில் போட்டு, கிடார் ஒலிக்கிற இடத்தை விட்டுவிட்டு நிற்கிற இடத்தைக் கவனியுங்கள். அடி, உடனே அறுந்த அமைதி, மறுபடி அடி. கனம் அந்த அமைதியில்தான் இருக்கிறது. டிஸ்டார்ஷன் ஏற ஏற மெல்லிய ஒலியும் பெரிய ஒலியும் ஒரே மட்டத்துக்கு வந்துவிடும். விரல் உரசல், கம்பியின் மிச்ச அதிர்வு எல்லாம் சேர்ந்து அந்த இடைவெளியை நிரப்பிவிடும். உங்கள் கொசகொசப்பு அதுதான்.

டிஸ்டார்ஷனை ஏற்றி இறக்கும் 'கெயின்' குமிழைப் பத்துக்கு ஐந்தில் வையுங்கள். தனியாக வாசிக்கும்போது சப்பென்று இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். இரண்டு கிடாரும் ஒரே ரிஃபை (திரும்பத் திரும்ப வரும் கிடார் துணுக்கு) ஒரே நேரத்தில் வாசித்து, ஒன்று இடது ஸ்பீக்கரிலும் மற்றது வலதிலும் போனால் தடிமன் தானாக வரும். நடு ஒலிகளுக்கான 'மிட்' குமிழைப் பூஜ்யத்துக்கு இறக்கும் பழக்கம் இருந்தால் விடுங்கள். அறையில் தனியாகக் கேட்க அது பிரமாதம், டிரம்ஸ் சேர்ந்ததும் கிடார் காணாமல் போய்விடும். ஐந்து, ஆறில் இருக்கட்டும். 'பேஸ்' குமிழை மூன்றுக்குக் கொண்டுவாருங்கள். அடிமட்டம் பேஸ் கிடாருக்குச் சொந்தம், அதில் நீங்கள் ஏன் நுழைகிறீர்கள்? 'ஸேமான்' பாட்டு பேஸ் கிடாரை வைத்தே தொடங்குகிறது, அந்த வாத்தியத்துக்கு இந்த ஆல்பத்தில் என்ன இடம் என்பது அதிலேயே தெரியும்.

இனி கை. வலது உள்ளங்கையின் அடிப்பகுதி, கிடார் உடலில் கம்பிகளைத் தாங்கும் பிரிட்ஜின் விளிம்பில் பாதி, கம்பியில் பாதி இருக்க வேண்டும். ஒரு சென்டிமீட்டர் முன்னால் நகர்ந்தாலும் 'டொக்' என்று செத்த சத்தம்தான், அழுத்தினால் சுருதியும் ஏறும். எல்லா அடியும் கீழ்நோக்கியே. ஒலியை நிறுத்த இடது விரல்களைத் தளர்த்தினால் போதும். கம்பியை விட்டு எடுத்துவிட்டால் திறந்த கம்பி ஊளையிடும். நாய்ஸ் கேட் (மெல்லிய இரைச்சலை அடைக்கும் கருவி) இருந்தால், கிடார் வால்யூம் முழுதாக இருக்க, கையை எடுத்துவிட்டு, இரைச்சல் அடங்கும் புள்ளிவரை மட்டும் ஏற்றுங்கள். அதற்கு மேல் போனால் சுரத்தின் வாலையும் விழுங்கும்.

டிரம்மருக்கு ஒரு செய்தி. இந்த ஆல்பத்தில் கீபோர்டு பல இடங்களில் எந்திரம் போல ஓடும், அது யாருக்காகவும் காத்திருக்காது. அவர் காதில் கிளிக் (வேகத்தைக் காட்டும் 'டிக் டிக்' ஒலி) இல்லாவிட்டால் இரண்டாம் சரணத்துக்குள் ரயில் ஒரு பக்கம், பயணி ஒரு பக்கம். லேப்டாப்பிலிருந்து இடது சேனலில் கிளிக், வலது சேனலில் கீபோர்டு என்று பிரித்து அனுப்புங்கள். வலதை மட்டும் மிக்ஸருக்குக் கொடுங்கள். சவுண்டுக்காரர் இரண்டையும் ஒரே சேனலில் செருகிவிட்டால் 'டிக் டிக்' அரங்கத்துக்கே கேட்கும். சவுண்ட் செக்கில் இதை முதலில் பாருங்கள்.

பாடகர் கத்தக் கூடாது, கத்தினால் சுருதி மேலே போகும். ராம்ஷ்டைன் பாடகர் லிண்டெமானின் குரல் அடித்தொண்டையில், மைக்குக்கு ஒட்டி நிற்கும். நாக்கு நுனி அதிரும் அந்த 'ர்ர்' பழைய ஜெர்மன் நாடக மேடை உச்சரிப்பு. நமக்கு வராத ஒலியா அது?

கடைசிப் பாட்டுக்கு வருகிறேன். அதன் பெயரும் 'ராம்ஷ்டைன்'தான். 28 ஆகஸ்ட் 1988 அன்று மேற்கு ஜெர்மனியின் ராம்ஷ்டைன் விமான தளத்தில் நடந்த சாகசக் காட்சியில், வானில் புகையால் இதயம் வரைந்து ஒரு விமானம் அதைத் துளைத்துப் போகும் வித்தையின்போது இத்தாலிய விமானப்படையின் மூன்று ஜெட்டுகள் மோதின. ஒன்று கூட்டத்துக்குள் எரிந்து விழுந்தது. இறந்தவர்கள் 70 பேர். ஊர்ப் பெயரில் ஒரு 'எம்', குழுவின் பெயரில் இரண்டு. பாட்டு அந்த நாளைப் பற்றியது. ஒரே ரிஃப் திரும்பத் திரும்ப, கால் இழுத்து நடப்பது போல வரும். அதை வேகமாக வாசித்துக் களைகட்டப் போகிறாராமா உங்கள் டிரம்மர்? சாவு வீட்டில் நாகஸ்வரம் வைத்து மல்லாரி வாசிப்பாரா? ரெக்கார்டின் வேகத்தைக் கிளிக்கில் வைத்து, அதிலிருந்து இம்மியும் ஏறாமல் வாசிக்கச் சொல்லுங்கள். மெதுவாக வாசிப்பதுதான் கஷ்டம், ஒவ்வொரு தவறும் தெரியும்.

நெருப்பு வேண்டாம். அவர்கள் மேடையில் எரிக்கிறார்கள் என்றால் லிண்டெமான் அதற்கென்று பயிற்சி பெற்று உரிமம் வாங்கியவர், கூடவே ஒரு தொழில்முறைக் குழுவும் இருக்கிறது. உங்கள் அரங்கில் இருப்பது துணித் திரையும் பிளைவுட் மேடையும் இரண்டே கதவும். பின்னாலிருந்து ஒரு ஆரஞ்சு விளக்கு போடுங்கள், ஆட்கள் நிழலாகத் தெரிவார்கள். புகை மெஷின் வைத்தால் தீ எச்சரிக்கை மணி அதற்கு அலறுமா என்று முந்தின நாளே சோதித்துவிடுங்கள்.