முழங்கால் வீக்கத்துக்குக் கண் டாக்டர் எதற்கு?

கேள்வி: என் மகளுக்கு நான்கு வயது. இடது முழங்கால் மூன்று மாதமாக வீங்கியிருக்கிறது. குழந்தைகளுக்கு வரும் மூட்டுவாதம் என்று மருந்து கொடுத்த டாக்டர், சீட்டில் ‘கண் பரிசோதனை’ என்றும் எழுதியிருக்கிறார். கண் சிவக்கவில்லை, வலியும் இல்லை. கண்ணாடிக் கடைக்காரர்கள் நடத்திய இலவச முகாமில் ‘பவர் சரியாக இருக்கிறது’ என்றார்கள். இனியும் போக வேண்டுமா?
— ஒரு தாய், அம்பாசமுத்திரம்

பதில்: போக வேண்டும் அம்மா, இந்த வாரமே.

மூட்டைத் தவறாகத் தாக்கும் அதே எதிர்ப்புச் சக்தி கண்ணுக்குள்ளும் அழற்சியை உண்டாக்கும். யுவியைட்டிஸ் என்பார்கள். உங்கள் மகள் வயதில் அது சிவப்பும் வலியும் இல்லாமலே வரும். ஒரு கண் மங்கினாலும் பிள்ளை மற்றக் கண்ணால் பார்த்து விளையாடிக்கொண்டிருக்கும். கண்ணில் வெள்ளை தெரிந்து தாய் ஓடிவரும்போது உள்ளே கண்புரையோ, கண் அழுத்தமோ வந்திருக்கும். தொடக்கத்திலேயே கண்டுபிடிக்க, மெல்லிய ஒளிக்கீற்றைப் பாய்ச்சிக் கண்ணைப் பெரிதாக்கிப் பார்க்கும் ஸ்லிட் லேம்ப் கருவி வேண்டும். டார்ச் விளக்கிலோ கம்ப்யூட்டர் பரிசோதனையிலோ தெரியாது. முகாமில் பார்த்தது கண்ணாடி வேண்டுமா என்பதை மட்டுமே. மூட்டுவாதச் சீட்டை வாங்கிப் படிக்காமல் ‘கண் நன்றாக இருக்கிறது’ என்று சொல்ல அவர்களுக்கு எந்த உரிமையும் இல்லை.

ஏழு வயதுக்குள், ஒன்று முதல் நான்கு மூட்டுகளில் மட்டும் நோய் தொடங்கி, ஏ.என்.ஏ. ரத்தப் பரிசோதனை பாசிட்டிவ் என்றால் ஆபத்து அதிகம். முதல் சில ஆண்டுகள் மூன்று மாதத்துக்கு ஒருமுறை பார்க்க வேண்டும். முட்டி வீக்கம் வற்றிவிட்டது என்று நிறுத்திவிடாதீர்கள். மூட்டு அடங்கியிருக்கும்போதும் கண்ணில் அழற்சி வரும்.

ஒரு விதிவிலக்கு. பத்து வயதை ஒட்டிய பையன்களுக்குக் குதிகாலும் இடுப்பும் வலிக்கும் ஒரு வகை உண்டு. அதில் கண் திடீரெனச் சிவக்கும், வலிக்கும், வெளிச்சத்தைப் பார்க்கக் கூசும். நம் பக்கத்தில் உடனே ‘மெட்ராஸ் ஐ’ என்று முடிவுகட்டிவிடுகிறார்கள். மெட்ராஸ் ஐ-யில் பீளை தள்ளும், பெரும்பாலும் வீட்டில் இன்னொருவருக்கும் தொற்றும். மூட்டுவாதம் உள்ள பையனுக்குக் கண் சிவந்தால் அன்றைக்கே கண் டாக்டரிடம் போக வேண்டும். மெடிக்கல் கடைக்குப் போகக் கூடாது. சீட்டில்லாமல் அங்கே விற்கும் ஸ்டீராய்டு சொட்டு மருந்து சிவப்பை மறைக்கும். மாதக்கணக்கில் விட்டால் அந்த மருந்தே கண் அழுத்தத்தையும் புரையையும் கொண்டுவரும். அதே மருந்தை டாக்டர் அளவோடு கொடுத்தால் பார்வையைக் காக்கும். அப்போது அதை நீங்களாகத் திடீரென நிறுத்தவும் கூடாது.

‘கண் பரிசோதனை’ என்று இரண்டு சொல் எழுதினால் ஒரு தாய்க்கு என்ன புரியும்? எதற்கு, எத்தனை நாளுக்குள், எந்தக் கருவியில் என்று ஒரு வரி சேர்த்து எழுத நேரமில்லையாம். மூட்டுக்கு ஒருநாள், கண்ணுக்கு வேறொரு நாள் என்று சின்னப் பிள்ளையோடு பஸ் ஏறவைக்கும் இந்த ஏற்பாட்டை நினைத்தால் எனக்குக் கோபம்தான் வருகிறது.

பாளையங்கோட்டை ஹைகிரவுண்டு அரசு மருத்துவமனையின் கண் பிரிவுக்கோ, திருநெல்வேலி அரவிந்த் கண் மருத்துவமனைக்கோ போங்கள். சீட்டுப் பதியும் இடத்திலேயே, “கண்ணாடிக்காக வரவில்லை. பிள்ளைக்கு மூட்டுவாதம், உள்ளே அழற்சி இருக்கிறதா என்று ஸ்லிட் லேம்பில் பார்க்க வேண்டும்” என்று சொல்லுங்கள். உங்கள் மடியில் உட்காரவைத்தே பார்ப்பார்கள். அடுத்த தேதியை எழுதி வாங்காமல் எழுந்திருக்காதீர்கள்.